‘ஏன்’ என்று கேட்க முடிந்த இயந்திரம்: வணிக மென்பொருளின் வினாக்கள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைசின் என்றொரு நிரல் உருவாக்கப்பட்டது. எட்வர்ட் ஷார்ட்லிஃபின் முனைவர் பட்ட ஆய்வாக வளர்ந்த அது, குருதித் தொற்றுக்கு எந்த நுண்ணுயிர் காரணமாக இருக்கலாம், எம்மருந்தைக் கொடுக்கலாம் என்று மருத்துவருக்கு ஆலோசனை கூறும். மருத்துவர் நீண்ட படிவம் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. இயந்திரமே ஒவ்வொன்றாக வினவும்: நோயாளியின் வயது என்ன, மாதிரி உடலின் எப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது, கிராம் சாயச் சோதனையின் முடிவு என்ன. சொன்ன விடையைப் பொறுத்தே அடுத்த வினா அமையும். இதில் குறிப்பிடத்தக்க ஏற்பாடு ஒன்று இருந்தது. எந்த வினாவுக்கும் விடை கூறாமல், மருத்துவர் ‘ஏன்’ என்று தட்டச்சு செய்யலாம். தான் எந்த விதியைச் சோதித்துக்கொண்டிருக்கிறது, இவ்விடை கிடைத்தால் எம்முடிவை நோக்கி நகரும் என்பதை மைசின் எடுத்துரைக்கும்.

மைசின் மருத்துவமனைகளின் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. ஆனால் சிக்கலான முடிவு ஒன்றை நோக்கி மனிதரை வினா விடையாக நடத்திச் செல்லலாம் என்ற எண்ணம் வேறு இடங்களில் வேரூன்றியது. இன்று இந்தியாவின் ஏதோ ஒரு நகரத்தில் துணிக்கடை வைத்திருப்பவர் கணக்கு மென்பொருளைத் தொடங்கும்போது, திரை அவரிடம் கேட்கும் ‘ஆம் / இல்லை’ வினாக்கள் ஒருவகையில் அவ்வெண்ணத்தின் வழித்தோன்றல்களே. வழித்தோன்றல்கள் பெருகின, ‘ஏன்’ மட்டும் உடன் வரவில்லை.

இந்த இழப்பு எங்கே நிகழ்ந்தது என்பதைக் காண, முதலில் கணினி விற்பனையைப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் விற்ற வாக்ஸ் கணினி, இன்றுபோல் பெட்டியில் அடைத்து வரும் பொருளன்று. நினைவகம், வட்டு, மின்வழங்கி, வடங்கள், அவற்றை ஏற்கும் அலமாரிகள் எல்லாம் தனித்தனியே ஆணையிடப்பட்டன. ஒரு வடம் விடுபட்டால் வாடிக்கையாளரின் இடத்தில் இயந்திரம் எழாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் 1978 இறுதியில் தொடங்கிய ஆர்1 என்னும் வல்லுநர் அமைப்பு இந்த ஆணைகளைச் சரிபார்த்து முழுமையாக்கியது. 1980இல் பயன்பாட்டுக்கு வந்து பின்னர் எக்ஸ்கான் எனப் பெயர் பெற்ற அது, 1986 அளவில் சுமார் 2,500 விதிகளுடன் 80,000 ஆணைகள் வரை கையாண்டிருந்தது. எக்ஸ்கான் கூடிப் பேசும் இயந்திரம் அன்று. ஆணையை வாங்கிக்கொண்டு வரைபடத்தைத் தரும். விற்பனையாளரிடம் உரையாடி ஆணையையே உருவாக்க எக்ஸ்செல் என்ற துணை அமைப்பு பின்னர் எழுதப்பட்டது. வணிகப் பொருள் ஒன்றின் அமைப்பைக் கேள்விகளால் கட்டும் முயற்சிகளில் இது முன்னோடி எனலாம்.

மேசைக்கணினிக்கு இம்முறை வந்தபோது அதன் பெயரே மாறிற்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1991இல் வெளியிட்ட பப்ளிஷர் மென்பொருளில் ‘பேஜ் விசார்ட்’ இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆக்சஸ் தரவுத்தள மென்பொருளிலும் விசார்டுகள் இடம்பெற்றன. ஒரு பக்கத்துக்கு ஒரு வினா, கீழே ‘முந்தைய’, ‘அடுத்து’, ‘முடி’ என்னும் பொத்தான்கள். ஆங்கிலத்தில் விசார்ட் என்ற சொல் ‘அறிவுடையவன்’ என்ற பொருளில் தொடங்கிப் பின்னர் மந்திரவாதியைக் குறிக்கலாயிற்று. தமிழில் இதை ‘வழிகாட்டி’ எனப் பெயர்க்கும் வழக்கம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. வழிகாட்டி முன்னே நடப்பவர். அவர் எவ்வழியில் செல்கிறார் என்பது பின்னே வருபவருக்குத் தெரியும். மந்திரவாதி வித்தையின் முடிவை மட்டுமே காட்டுவார். தொண்ணூறுகளின் விசார்டுகளுக்கு மூலப்பெயரே பொருத்தமானது என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் எதிர்பாராத வகையில் உதவுகிறது. நன்னூல் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுக்கிறது. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவ்வெட்டு. விசார்டின் திரை இவற்றுள் நேர், மறை இரண்டை ஏற்கும். பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்வதைச் சுட்டு எனக் கொண்டால் மூன்று. மைசினில் மருத்துவர் தட்டச்சு செய்த ‘ஏன்’ என்பது வினா எதிர் வினாதல். ஆனால் உண்மையான வணிக உரையாடல் மற்ற விடைகளால்தான் நிரம்பியிருக்கிறது. “சரக்கு இருப்பை எந்த முறையில் மதிப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால், “வருடக் கடைசியில் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்” என்று ஒரு கடைக்காரர் கூறக்கூடும். “கடன் வரம்பு உண்டா?” என்றால், “தெரிந்தவர்களுக்குத்தானே கொடுக்கிறோம்” எனலாம். இலக்கணப்படி இவை விடைகளே. அந்த வணிகம் எப்படி நடக்கிறது என்ற செய்தி முழுவதும் இவற்றுள்தான் இருக்கிறது. திரையில் இவற்றுக்கு இடமில்லை.

பெருநிறுவனங்களில் அந்த இடத்தை மனிதர் நிரப்பினர். ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐவர் 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய சாப் நிறுவனம் 1992இல் ஆர்/3 மென்பொருளை வெளியிட்டது. உற்பத்தி, கொள்முதல், விற்பனை, கணக்கு அனைத்தையும் ஒரே தளத்தில் இணைத்த அம்மென்பொருள், எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருந்ததால், அமைப்புப் பணி முடியும்வரை எந்த நிறுவனத்துக்கும் பொருந்தாது. அமைப்புப் பணி என்பது பெருந்தொகையான அட்டவணைகளை நிரப்புவது. அவற்றின் புலப்பெயர்கள் ஜெர்மன் சுருக்கங்கள். நிறுவனக் குறியீட்டைத் தாங்கும் புலம் ‘புக்ர்ஸ்’; ‘புக்குங்ஸ்கிரைஸ்’, அதாவது ‘பதிவு வட்டம்’ என்பதன் குறுக்கம். ஆங்கிலத்தில் அது ‘கம்பெனி கோடு’ ஆயிற்று. ‘மாண்ட்’ என்பது ‘மாண்டன்ட்’. வழக்கறிஞரோ வரி ஆலோசகரோ தம் கட்சிக்காரரைக் குறிக்கும் சொல். அது ‘கிளையன்ட்’ எனப் பெயர்க்கப்பட்டது. ஆர்/3யின் கட்டமைப்பே கிளையன்ட் – சர்வர் வகை என்பதால், ஒரே சொல் ஒரே கையேட்டில் இரு பொருளில் நின்று புதியவர்களைக் குழப்பியது.

இக்காட்டில் வழி காட்டவே ‘செயலாக்க வழிகாட்டி’ என்னும் கிளைத்து விரியும் பட்டியல் உருவானது. 1996இல் சாப் அறிமுகப்படுத்திய ஆசாப் என்னும் செயல்முறை இன்னும் ஒருபடி முன்சென்றது. திட்ட ஆயத்தம், வணிக வரைவு, நிறைவேற்றம், இறுதி ஆயத்தம், தொடங்கிய பிந்தைய ஆதரவு என ஐந்து கட்டங்கள். அவற்றுடன் ஒரு வினா விடைத் தரவுத்தளம். ஆலோசகர் நிறுவன அலுவலர்களிடம் அவ்வினாக்களைக் கேட்டுப் பதிவு செய்வார். அதிலிருந்து வணிக வரைவு ஆவணம் எழும். கேள்வியை இயந்திரம் வைத்திருந்தது, கேட்டவர் மனிதர். எட்டு வகை விடைகளையும் கேட்டு, அவற்றை நேர் அல்லது மறையாக மாற்றித் திரைக்குக் கொடுப்பதே ஆலோசகரின் தொழில். இந்தியாவிலிருந்து இத்தொழிலுக்குச் சென்றவர் பலர். அவர்களுடைய உழைப்பைப் பெரும்பாலும் நிரலாக்கம் எனவே பிறர் எண்ணினர். அது பாதி மொழிபெயர்ப்பு.

ஆலோசகரை அமர்த்த இயலாத சிறுவணிகருக்கு வேறொரு வழி பெங்களூரில் பிறந்தது. ஆலைகளுக்கு உதிரிப்பாகங்கள் வழங்கிவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவின் தேவைக்காக, கணிதம் பயின்ற அவர் மகன் பரத் கோயங்கா எழுதிய கணக்கு மென்பொருளே பின்னாளில் டாலி ஆனது. நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1986. அன்றைய கணக்கு மென்பொருள்கள் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியெண் கேட்டன. பஹி கட்டா எழுதும் முனீம் எந்த வாடிக்கையாளரையும் எண்ணால் அறிந்ததில்லை, பெயரால்தான் அறிவார். டாலி குறியெண்ணைக் கைவிட்டுப் பெயரையே ஏற்றது. அமைப்புப் பணியையும் அது பெருமளவு முன்கூட்டியே முடித்து வைத்திருந்தது: 28 கணக்குக் குழுக்கள், ரொக்கம், லாப நஷ்டம் என்னும் இரண்டு பேரேடுகள். மற்றவை எஃப்11 விசையை அழுத்தினால் வரும் ஆம் / இல்லை வினாக்கள். பில் வாரியாகப் பாக்கி வைக்க வேண்டுமா, சரக்கிருப்பைக் கணக்கோடு இணைக்க வேண்டுமா என்பன போன்றவை. ‘ஆம்’ என்றால் அதற்குரிய துணைத்திரை திறக்கும். ஒவ்வொரு திரையின் இறுதியிலும் ஏற்கலாமா என ஒரு கடைசி வினா. இந்திய வணிகவியல் மாணவர் ஒரு தலைமுறையே இந்தச் சிறு பெட்டியின் முன் ‘ஒய்’ விசையைத் தட்டி வளர்ந்தது.

ஒரு வினாவின் வரலாற்றைத் தனியே பார்ப்பது பயனுடையது. நிதியாண்டு எந்த நாளில் தொடங்குகிறது? 1980களில் இதற்கு இந்தியாவில் உண்மையாகவே பல விடைகள் இருந்தன. தீபாவளியன்று புதுக்கணக்கு எழுதியவர்கள் தீபாவளி ஆண்டைக் கொண்டனர். ராமநவமி ஆண்டு, சனவரி ஆண்டு கொண்டவர்களும் இருந்தனர். வருமான வரிச் சட்டம் இவற்றை அனுமதித்தது. 1987ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 1989 ஏப்ரல் முதல் நாளிலிருந்து வரிக்கான ஆண்டை அனைவருக்கும் ஏப்ரல் – மார்ச் என ஒருமுகப்படுத்தியது. வினா மட்டும் திரையில் எஞ்சியது. டாலியில் நிறுவனம் உருவாக்கும்போது அந்தக் கட்டத்தில் ஏப்ரல் 1 முன்னிருப்பாக நிற்கிறது. சாப்பிலோ நாட்காட்டி ஆண்டுக்கு ‘கே4’, ஏப்ரல் – மார்ச்சுக்கு ‘வி3’ என்று தேர வேண்டும். ‘வி3’ ஏன் என்று எந்தத் திரையும் கூறுவதில்லை. ஒரு சட்டத்தின் வரலாறு இரண்டு எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கிறது. தீபாவளியன்று பஹி கட்டாவுக்குப் பூசை செய்யும் கடைகள் இன்றும் உண்டு. அந்த ஆண்டுப்பிறப்பு மென்பொருளுக்கு வெளியே நடக்கிறது.

முன்னிருப்பு பொருந்தும்வரை ‘ஏன்’ இல்லாததால் பெரிய தீங்கில்லை. பொருந்தாதபோதுதான் விலை தெரியும். 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, கணக்கு மென்பொருளின் அமைப்புத் திரையில் பதிவு வகை என்றொரு கட்டம் நிரப்பப்பட வேண்டியிருந்தது: வழக்கமான வகையா, இணக்க வரி வகையா. பார்வைக்கு இரண்டும் சம எடையுள்ள தேர்வுகள். ஆனால் இணக்க முறையில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் தனியே வரி வசூலிக்க இயலாது. தாம் வாங்கிய சரக்கில் செலுத்திய வரிக்கு உள்ளீட்டு வரவும் கோர இயலாது. அவரிடமிருந்து சரக்கு வாங்கும் மற்றொரு வணிகருக்கும் அந்த வரவு கிடைக்காது. ஒரு கட்டத்தில் இடப்பட்ட விடை அங்காடித் தெருவின் கொடுக்கல் வாங்கலையே திசைமாற்றக்கூடியது. அதை விளக்கும் பொறுப்பு வரி ஆலோசகரிடமும், பல இடங்களில் மென்பொருள் விற்ற முகவரிடமும் போய்ச் சேர்ந்தது.

ஆம் / இல்லை வினா நடுநிலையானது என்ற நம்பிக்கையைச் சோதிக்க இன்னொரு சான்று போதும். அது நிறுவன மென்பொருளைச் சேர்ந்ததன்று எனினும் அதன் உறவுதான். 2021 சூனில் வருமான வரித் துறையின் புதிய இணையவாயில், படிவத்தைக் கேள்விகளால் நிரப்பும் வசதியுடன் தொடங்கியது. அக்காலப் படிவம், புதிய வரிமுறையைத் தெரிவு செய்கிறீர்களா என்ற பொருளில் கேட்டது. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் புதிய முறையையே முன்னிருப்பாக்கியது. 2024–25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, புதிய முறையிலிருந்து விலகுகிறீர்களா என்ற பொருளில் வினா திரும்பி நின்றது. முந்தைய ஆண்டின் பழக்கத்தில் ‘இல்லை’ என்று விடையளித்தவர் இம்முறை எதிர்த்திசையில் இருப்பார். சொல் அதே சொல். வினாவின் முற்கோள் மாறியிருந்தது. வினையைத் திருப்பிச் சொல்லியே உடன்படும் வழக்கமுள்ள தமிழில், ‘தெரிவு செய்கிறேன்’, ‘விலகவில்லை’ என்று விடை அமைந்திருந்தால் இந்த வழுக்கல் எளிதில் நேராது. பொத்தானில் வினைச்சொல் இல்லை.

அண்மைக் காலத்தில் உரையாடல் மீண்டும் அமைப்புத் திரைக்கு வருகிறது. சாப் 2023இல் ‘ஜூல்’ என்னும் உரையாடல் உதவியாளரை அறிவித்தது. பிற வணிக மென்பொருள்களும் அவ்வழியே செல்கின்றன. இயல்பான மொழியில் எழுதலாம் என்பதால், நன்னூலின் எட்டு விடைகளுக்கும் திரையில் இப்போது இடம் உண்டு. ‘ஏன்’ என்றும் மீண்டும் கேட்கலாம். மறுமொழியும் தங்குதடையின்றி வரும். மைசின் அவ்வினாவுக்குக் காட்டியது, அந்தக் கணத்தில் தன்னை இயக்கிக்கொண்டிருந்த விதியையே. மருத்துவர் அதைப் படித்து, விதி தவறென்றால் தவறென்று சுட்டலாம். அவ்விதியைத் திருத்தவும் முடியும். பெருமொழி மாதிரிகள் தருவது அவ்வினாவுக்கென அப்போது உருவாக்கப்படும் ஒரு விளக்கம். அது உண்மையில் நிகழ்ந்த கணிப்போடு ஒத்திருக்கலாம், ஒவ்வாமலும் இருக்கலாம். பதிவு வகைக் கட்டத்தின் முன் அமர்ந்திருக்கும் துணிக்கடைக்காரருக்கு இரண்டும் திரையில் ஒரே மாதிரியே தோன்றும்.