கேட்கிற மெஷினும் கேட்காத நோயாளியும்

தமிழில் ‘கேட்பது’ ஒரு பொல்லாத சொல். கேள்வி கேட்பதும் அதுதான், காது கொடுத்துக் கேட்பதும் அதுதான், சொன்னபடி நடப்பதும் அதுதான். “இவர் சொல்வழி கேக்கிறேல்ல டொக்டர்” எண்டு அம்மா கிளினிக்கில் அப்பாவைப் பற்றி முறைப்பாடு வைக்கிறாரே, அது மூன்றாவது அர்த்தம். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எண்டு மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கிற வீடுகள் லிங்கநகரில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, எங்கள் வீடுகளே போதும். கொப்பியில் குளிசையின் பெயர் மாறும், அளவு கூடும். பிட்டைக் குறைத்தாரா, பின்னேரம் நடந்தாரா, குளிசையை ஒழுங்காகக் குடித்தாரா என்பதெல்லாம் கொப்பியில் வராது.

அந்த இடைவெளிக்குள் இப்போது போன் வந்து நிற்கிறது. காலடி எண்ணுகிறது, குளிசை நேரத்துக்கு அலாரம் அடிக்கிறது, தண்ணீர் குடி என்கிறது. இது ஏதோ நேற்று வந்த சாமான் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். தேடி வாசிக்கப்போனால் கதை அறுபது வருடத்துக்கு மேல் நீள்கிறது. அதன் முதல் அத்தியாயம் நடந்தது மதராஸில். அதில் கணினியே இல்லை.

1956இல் மதராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நடத்தியவர் பிரித்தானிய மருத்துவர் வாலஸ் ஃபொக்ஸ். காசநோயாளியைச் சனட்டோரியத்தில் படுக்கவைத்தால்தான் சுகம் வரும் என்று உலகம் நம்பிய காலம் அது. அவர்கள் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சனட்டோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, நெரிசலான வீடு. ஆனாலும் முடிவு கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. 1959இல் வெளிவந்த அந்த முடிவு உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது.

ஆனால் வீட்டுக்கு அனுப்பியவுடனே ஒரு புதுத் தலையிடியும் வந்தது. ஆள் மருந்தைக் குடிக்கிறாரா? உடம்பு கொஞ்சம் தெளிந்ததும் குளிசையை நிறுத்திவிடுவது மனித இயல்பு. அதனால் நிலையத்தார் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள், மிச்சக் குளிசைகளை எண்ணினார்கள், சிறுநீர் எடுத்து அதில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளியை நம்பி வீட்டுக்கு அனுப்பியதும், நம்பாமல் பின்னாலேயே போனதும் ஒரே ஆட்கள்தான். இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மெஷினிலும் இந்த இரட்டை மனம் இருக்கிறது.

கணினி வந்தது 1966இல். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் வோர்னர் ஸ்லாக் என்ற இளம் மருத்துவர், லிங்க் என்ற ஆரம்பகாலச் சிறு கணினியின் முன் நோயாளியை உட்காரவைத்தார். சிறு கணினி என்றால் அந்தக் காலத்துக் கணக்கில் சிறியது, அலுமாரி அளவு! திரையில் கேள்வி வரும், நோயாளி பொத்தானை அழுத்திப் பதில் சொல்வார். “தெரியாது”, “விளங்கவில்லை” என்றும் பதில் சொல்லலாம். மருத்துவத்தில் ஆகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வளம் நோயாளிதான் என்பது ஸ்லாக் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வாதம். அவருடைய மெஷின் கட்டளை போடவில்லை, கேட்டது. முதலாம், இரண்டாம் அர்த்தங்களில்.

மெஷினிடம் மனிதர் மனம் திறப்பார்களா? 1977இல் கிளாஸ்கோவில் குடியால் நோயுற்றவர்களிடம் இதைச் சோதித்தார்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மனநல மருத்துவரும் கேட்டார், கணினியும் கேட்டது. கணினிக்குச் சொன்ன அளவுதான் கூட. எங்களுக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. “சீனி போடாத தேத்தண்ணிதான் குடிக்கிறன்” என்று டொக்டரிடம் சொல்கிற எத்தனை பேரை எங்களுக்கே தெரியும்! ஏச்சு வாங்கப் பயந்தவர் உண்மை சொல்லமாட்டார். மெஷின் ஏசாது.

கணினி வீடுகளுக்குள் வரும் முன்பே டெலிபோன் வந்துவிட்டது. பொஸ்டனில் ரொபர்ட் ஃப்ரீட்மனும் கூட்டாளிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1996இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 267 பேர், எல்லோரும் அறுபது வயதும் அதற்கு மேலும், பிரஷர்காரர். கிழமைக்கு ஒரு தடவை கணினியோடு போனில் பேச்சு. தாங்களே அளந்த பிரஷரைச் சொல்லவேண்டும், குளிசை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். அந்தத் தகவல் அவர்களுடைய மருத்துவருக்குப் போனது. ஆறு மாதத்தில் குளிசை குடிக்கும் ஒழுங்கு, மெஷின் இல்லாதவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியது.

எங்களுக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் கென்யாவில் நடக்கிறது. 2010இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் 538 பேரில் பாதிப் பேருக்குக் கிளினிக்கிலிருந்து கிழமைக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போனது. அதில் இருந்தது ஒரேயொரு சொல்: “மம்போ?” சுவாஹிலியில் “எப்படி இருக்கிறீங்க?” என்று அர்த்தம். மருந்து பற்றியோ நோய் பற்றியோ ஒரு சொல் இல்லை. போனை வேறு யாரும் எடுத்துப் பார்த்தாலும் பாதகமில்லை. இரண்டு நாளுக்குள் “சாவா” (சுகம்) அல்லது “ஷிடா” (பிரச்சினை) என்று பதில் போடவேண்டும். ஷிடா என்றவருக்கும் பதிலே போடாதவருக்கும் நர்ஸ் கோல் எடுப்பார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் இந்தப் பக்கம் 62 வீதம், மெசேஜ் போகாத பக்கம் 50 வீதம். இரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்களும் கூட. இதில் கணினியின் வேலை மிகச் சின்னது. மறுமுனையில் நர்ஸ் இருந்ததுதான் விஷயம்.

அதே காலப்பகுதியில் இந்தியாவில் வேறொரு பாதை. பெங்களூரில் உள்ள மைக்ரோசொஃப்ட் ஆய்வுகூடத்தில் உருவான ‘99டொட்ஸ்’ காசநோய்க் குளிசைகளுக்கானது. குளிசை அட்டைக்கு ஒரு காகித உறை. குளிசையைப் பிய்த்தால் பின்னால் மறைந்திருக்கும் போன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்ட் கோல், காசு செலவில்லை. கோல் வந்தால் இன்றைக்கு மருந்து குடித்தாயிற்று என்று கணினி பதிந்துகொள்ளும். யோசித்தவர்களின் கெட்டித்தனத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் சென்னை, வேலூர், மும்பை ஆகிய இடங்களில் நோயாளிகளின் வீட்டுக்குச் சொல்லாமல் போய் சிறுநீர் எடுத்துப் பார்த்தபோது (ஆம், அதே பழைய மதராஸ் முறைதான், இந்தத் தடவை சோதிக்கப்பட்டது மெஷின்) கோலும் குளிசையும் அடிக்கடி ஒத்துப்போகவில்லை. மருந்து குடித்தவர் கோல் எடுக்கவில்லை, கோல் எடுத்தவர் குடிக்கவில்லை. 2020இல் வந்த முடிவு இது. மிஸ்ட் கோல் எடுக்கும் பழக்கத்தை அளந்துவிட்டு மருந்து குடிக்கும் பழக்கம் என்று பெயர் வைத்தால் இப்படித்தான்.

சீனி வருத்தத்துக்கும் ஒரு சென்னைக் கதை உண்டு. டொக்டர் அ. ராமச்சந்திரனின் குழு, சீனி வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தது. எல்லோருக்கும் தொடக்கத்தில் சாப்பாடு, நடை பற்றிய ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும் அதன் பிறகும் எஸ்.எம்.எஸ். போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே மெசேஜ் இல்லை, ஆள் மனமாற்றத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பார்த்து. 2013இல் முடிவு வந்தது: மெசேஜ் போனவர்களில் 18 வீதத்தினருக்குச் சீனி வந்தது, போகாதவர்களில் 27 வீதம். இந்த எண்கள் ஊரெல்லாம் பேசப்பட்டன. பேசப்படாதது, பிறகு இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் அதே வழியைப் பெரிதாகச் செய்து பார்த்தபோது, 2020இல் வந்த முடிவில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்பது.

முதல் ஆய்வில் இன்னொரு சின்ன விஷயம். மெசேஜ் போன ஆண்களின் சாப்பாடு மாறியது, நடை பெரிதாக மாறவில்லை. நாங்கள் இதை வாசித்துவிட்டுச் சிரித்தோம். நடக்கவேண்டியது அவர், சமைக்கவேண்டியது யார்? ஆய்வு இதைச் சொல்லவில்லை, இது எங்கள் ஊகம். ஆனால் லிங்கநகரில் அப்படி ஒரு எஸ்.எம்.எஸ். வந்தால் அது யாருடைய வேலையைக் கூட்டும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வேலையைச் செய்கிறவருக்கும் சீனி இருக்கும், அவருடைய போன் மகனின் கையில் இருக்கும்.

இலங்கையில் 2005, 2006 காலத்துக் கணக்கெடுப்பில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு. 2018, 2019 ஆய்வில் அது ஐந்தில் ஒருவரைத் தாண்டிவிட்டது. அரசு 2011 தொடக்கம் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்து சோதிக்கிறது. சோதிப்பது ஒரு நாள் வேலை. அதன் பிறகு வரும் முந்நூற்று அறுபத்து நாலு நாளுக்குத்தான் ஆள் இல்லை. அந்த இடத்தில் ஆப் ஒன்றை வைத்துவிடலாம் என்ற ஆசை வருவது இயல்புதான்.

ஆசைப்படும் முன் இரண்டு வருடங்களை நினைத்துப் பார்க்கலாம். 2020 ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபாலில் வீட்டுக்கு வந்தன. போனும் தபால்காரரும் சேர்ந்து செய்த வேலை அது, எந்த ஆப்பும் இல்லை. 2022இல் நாடு வங்குரோத்தானபோது ஆஸ்பத்திரியிலேயே மருந்துக்குத் தட்டுப்பாடு. பத்து நாளுக்கு வேண்டிய குளிசையை இருபது நாளுக்குப் பிரித்துக் குடித்தவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். அந்த மாதம் ஒரு மெஷின் “இன்றைக்குக் குளிசை குடித்தீர்களா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலைப் பதிந்திருந்தால், அதன் கணக்கில் அவர்கள் எல்லோரும் சொல்வழி கேளாதவர்கள். ஷிடா என்று சொல்ல அதில் ஒரு பொத்தான் இருந்திருக்குமா, அதை அழுத்தினால் மறுமுனையில் கோல் எடுக்க ஒரு நர்ஸ் இருந்திருப்பாரா என்பதுதான் ஆப் செய்து தருவோம் என்று வருகிறவர்களிடம் நாங்கள் கேட்க வைத்திருக்கும் கேள்வி. அந்த நர்ஸ் தமிழில் பேசுவாரா என்பது அதற்கு அடுத்தது.