ஸ்பீன்ஹாம்லாந்து: ரொட்டி விலையில் தொடங்கிய வாதம்

வேலை செய்கிறாரா இல்லையா, ஏழையா பணக்காரரா என்று பார்க்காமல் நாட்டு மக்கள் ஒவ்வொருவருக்கும் அரசே ஒரு தொகையைத் தொடர்ந்து வழங்குவதுதான் அனைவருக்குமான அடிப்படை வருமானம் எனப்படுகிறது. இத்திட்டம் பேசப்படும் இடங்களில் எல்லாம் எழும் முதல் கேள்வி, "சும்மா பணம் கொடுத்தால் யார் வேலைக்குப் போவார்கள்?" என்பதே. இந்தச் சந்தேகத்துக்கு வரலாற்றுச் சான்றாக நீண்ட காலம் காட்டப்பட்டு வந்தது, இங்கிலாந்தில் உள்ள ஒரு சிற்றூர். அதன் பெயர் ஸ்பீன்ஹாம்லாந்து.

பஞ்சமும் ரொட்டிக் கணக்கும்

1793இல் பிரான்சுடன் போர் மூண்டது. அதையடுத்து விளைச்சலும் பொய்த்ததால் 1795இல் கோதுமை விலை கடுமையாக ஏறியது. பண்ணைக் கூலிகளால் ரொட்டி கூட வாங்க முடியவில்லை. அந்த ஆண்டு மே 6ஆம் நாள், பெர்க்‌ஷயர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீன்ஹாம்லாந்தில் இருந்த பெலிக்கன் விடுதியில் கூடினார்கள். கூலியைச் சட்டப்படி நிர்ணயிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கணக்கை வகுத்தார்கள்.

சுமார் 4 கிலோ எடையுள்ள ரொட்டி 1 ஷில்லிங் விற்றால், உழைக்கும் ஏழை ஒருவருக்கு வாரம் 3 ஷில்லிங் கிடைக்க வேண்டும். மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலா ஒன்றரை ஷில்லிங். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மொத்தம் ஏழரை ஷில்லிங் ஆகிறது. அக்குடும்பத்தின் கூலி 6 ஷில்லிங் என்றால், மீதி ஒன்றரை ஷில்லிங்கை ஊரில் வசூலாகும் ஏழை வரியில் இருந்து கொடுப்பார்கள். ரொட்டி விலை ஏறினால் இத்தொகையும் ஏறும். இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. ஆனாலும் தென் இங்கிலாந்தின் பல ஊர்களில் இது போன்ற முறைகள் வழக்கத்தில் இருந்தன.

1834ஆம் ஆண்டு அறிக்கை

1815இல் போர் முடிந்த பிறகு தானிய விலை சரிந்தது, கிராமங்களில் வேலையின்மை பெருகியது. 1830இல் தென் மாவட்டக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கலகம் செய்தார்கள். ஏழை வரி கட்டியவர்களோ, உதவித்தொகைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். 1832இல் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நாசாவ் சீனியர், எட்வின் சாட்விக் ஆகியோர் எழுதிய அதன் அறிக்கை 1834இல் வெளியானது. உதவித்தொகை மக்களைச் சோம்பேறிகளாக்கியது, கூலியைக் குறைத்தது, பொறுப்பில்லாமல் மணம் முடித்துப் பிள்ளை பெறத் தூண்டியது என்பதே அதன் தீர்ப்பு.

அதே ஆண்டு புதிய ஏழையர் சட்டம் வந்தது. உடல் வலு உள்ளவர்கள் உதவி கேட்டால் ஏழையர் விடுதிக்குள் வந்தாக வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டார்கள். ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு நொறுக்கும் வேலையில் இருந்தவர்கள், பசி தாளாமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்ததைத் தின்றார்கள் என்ற செய்தி 1845இல் நாட்டையே உலுக்கியது.

மறு ஆய்வு

விந்தை என்னவென்றால், எதிரெதிர் அணியில் நின்றவர்களும் ஸ்பீன்ஹாம்லாந்தைக் குறை கூறினார்கள். கார்ல் மார்க்ஸ் அதைக் கண்டித்தார். கார்ல் போலனி 1944இல் வெளியிட்ட நூலிலும் அது பெரும் தோல்வியாகவே காட்டப்பட்டது. 1963இல்தான் மார்க் பிளாக் என்ற பொருளியலாளர் பழைய தரவுகளை மறுபடி ஆராய்ந்தார். உதவித்தொகையால் கூலி குறையவில்லை, கூலி ஏற்கெனவே குறைவாக இருந்த இடங்களில்தான் உதவித்தொகை வந்தது என்று அவர் வாதிட்டார். நோய்க்குக் கொடுத்த மருந்தையே நோய்க்குக் காரணம் என்று 1834ஆம் ஆண்டு அறிக்கை சொல்லிவிட்டது!

ஆனால் பழைய கதை அவ்வளவு எளிதில் மறையவில்லை. 1969இல் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன், வருமானமே இல்லாத நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1600 டாலர் உறுதி செய்யும் திட்டத்தைத் தயாரித்தார். அதை எதிர்த்த அவரது ஆலோசகர் மார்ட்டின் ஆண்டர்சன், போலனியின் நூலில் இருந்து ஸ்பீன்ஹாம்லாந்து பற்றிய பகுதிகளை எடுத்து அவர் முன் வைத்தார். திட்டம் கைவிடப்படவில்லை. வேலை தேட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1970இல் பிரதிநிதிகள் சபையில் 243க்கு 155 என்ற கணக்கில் நிறைவேறியது. பின்னர் செனட்டில் முடங்கியது. தொகை அதிகம் என்று ஒரு சாராரும், மிகக் குறைவு என்று மற்றொரு சாராரும் எதிர்த்ததே அதற்குக் காரணம்.

ஸ்பீன்ஹாம்லாந்தில் கொடுத்தது இன்று பேசப்படும் அடிப்படை வருமானம் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே கூலி ஏறினால் உதவி குறையும். அதனால் கூலியை உயர்த்தப் பண்ணையாருக்கும் அவசியம் இல்லை, கூடுதலாக உழைக்கத் தொழிலாளிக்கும் ஊக்கம் இல்லை என்று சொல்ல இடம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கும் திட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி வேறு, அது நியாயமான கேள்வியும் கூட. ஆனால் ஏழைகள் சோம்பேறிகள் என்ற முடிவுக்கு ஸ்பீன்ஹாம்லாந்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், ரொட்டி வாங்க முடியாதவர்களைப் பற்றி வரி கட்டியவர்கள் எழுதி வைத்த தீர்ப்பைத்தான் திரும்பப் படிக்கிறார்கள்.