கம்பி நுழையாமல் ஒரு இதய சிகிச்சை

காமர்ஸ்காரனுக்கு இதயத்தில் என்ன வேலை என்கிறீர்களா? இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

மாரடைப்பு வந்த இதயத்தில் தழும்பு தங்கிவிடும். அதைச் சுற்றி மின்னோட்டம் சுழன்றால் கீழறைகள் தறிகெட்டுத் துடிக்கும்; உயிரே போகலாம். வழக்கமாகத் தொடை ரத்தக்குழாய் வழியே கதீட்டர் கம்பியை நுழைத்து அந்த இடத்தைச் சுடுவார்கள். சிலருக்கு அதுவும் பலிக்காது.

2015-ல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், இதய மருத்துவர் பிலிப் குகுலிச்சும் புற்றுநோய்க் கதிர்வீச்சு மருத்துவர் கிளிஃபோர்ட் ராபின்சனும் கைகோர்த்தார்கள். 256 மின்முனைகள் கொண்ட சட்டையை நோயாளிக்கு மாட்டி, ஸ்கேன் படங்களோடு பொருத்தி, கோளாறு பிறக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு வெளியிலிருந்தே அங்கே கதிர்வீச்சு, ஒரே தடவை. சராசரி 14 நிமிடம்! படம் தப்பினால் கதிரும் தப்பும். அதனால் படம்தான் இங்கே உயிர்.

2017-ல் வெளியான கணக்கு இது: நோயாளிகள் 5 பேர். சிகிச்சைக்கு முந்தைய 3 மாதத்தில் கோளாறு 6,577 தடவை. சிகிச்சைக்குப் பின் முதல் 6 வாரத்தில் 680. அதற்குப் பிறகு, ஓராண்டு வரை, எல்லோருக்கும் சேர்த்தே 4!

செலவுப் பக்கமும் உண்டு. 83 வயதான ஒருவர் மூன்றே வாரத்தில் பக்கவாதத்தால் இறந்தார். 5 பேரை வைத்து முடிவு கட்டவும் முடியாது. வரவை மட்டும் எழுதினால் அது கணக்கா, சொல்லுங்கள்?