பரிசு பெற்ற பிள்ளைகளும் கைதட்டிய பிள்ளைகளும்



நம் ஆலயம் எழும்பிய வரலாற்றை இம்மலரில் பிறர் எழுதியுள்ளனர். ஆண்டுதோறும் பங்குத் திருவிழாவன்று பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவருக்கு நாம் வழங்கிவரும் கல்விப் பரிசைப் பற்றி இங்கு சிறிது எழுத விழைகிறோம்.

பள்ளிப் பரிசு திருச்சபைக்குப் புதிதன்று. 1599-இல் இயேசு சபையார் வெளியிட்ட 'ராசியோ ஸ்தூதியோரும்' என்னும் கல்வி முறைமையில் பரிசுக்கென்றே தனி விதிகள் உள்ளன. அணியிலக்கண வகுப்புக்கு எட்டுப் பரிசுகள். இலத்தீன் உரைநடை, இலத்தீன் செய்யுள், கிரேக்க உரைநடை, கிரேக்கச் செய்யுள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஞானோபதேசத்தில் சிறந்தவருக்கும் ஓரிரு பரிசுகள் உண்டு. தேர்வுத்தாளில் மாணவன் பெயர் எழுதலாகாது. ஓர் அடையாளக்குறி மட்டுமே இடவேண்டும். பெயர் வேறொரு தாளில் மூடி முத்திரையிடப்பட்டிருக்கும். மூன்று நடுவர் தீர்ப்பளித்த பின்னரே அது பிரிக்கப்படும். யாருடைய பிள்ளை என்று பாராமல் பரிசளிக்க அன்றே வகுத்த வழி இது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956 நவம்பர் 14-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிப்பட்டது. பல மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களுக்கு, பிள்ளையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமே சொத்துப் பத்திரம். 1978-இல் பிளஸ் டூ வகுப்பு வந்தபின் ஒரு வாசல் இரண்டு வாசலாயிற்று. அவற்றைக் கடக்கும் பிள்ளைகளை ஊக்குவிக்கவே பங்குப் பரிசு.

ஆனால் ஓராண்டு நடந்ததை மறைக்க மாட்டோம். பரிசளிப்பு முடிந்ததும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மனைவி தம் மகனை அழைத்து வந்தார். "எங்க வீட்டுல பத்தாவது பாஸ் பண்ணின மொதப் புள்ள இவன்தான் சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார். அவன் மதிப்பெண் முந்நூறைத் தொடவில்லை. பரிசு பெற்றவர்களுக்கெல்லாம் கடைசி வரிசையிலிருந்து கைதட்டியவன் அவன். பட்டியலை எழுதியவர் நாமே என்பதால் நமக்கு நாணமாயிற்று.

அன்றிரவு மத்தேயு 25-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தோம். ஐந்து தாலந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் தலைவன் கூறும் பாராட்டில் ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. கண்டிக்கப்பட்டவன், பெற்றதை மண்ணில் புதைத்தவன் மட்டுமே. மண்ணுக்குள் புதைந்ததை வெளிக்கொணர்ந்து விளக்கேற்றும் ஊரில் வாழும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

மறு ஆண்டு முதல் விதியை மாற்றினோம். அதிக மதிப்பெண்ணுக்குப் பரிசு தொடர்கிறது. அத்துடன், அரையாண்டுத் தேர்வைவிடப் பொதுத்தேர்வில் பெரிதும் முன்னேறியவருக்கும், குடும்பத்தில் முதன்முதலாகத் தேர்ச்சி பெற்றவருக்கும் பரிசு உண்டு. பெயரை மறைத்த மதிப்பெண் பட்டியலை மூன்று ஆசிரியர்கள் பார்த்தே முடிவு செய்கின்றனர். 1599-இன் விதி இன்றும் உதவுகிறது. 2017-இல் தமிழக அரசும் பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. முதலிடம் ஒருவருக்கே, உழைப்போ பலருடையது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு பயிலும் ஏழை மாணவருக்கு, 2008 முதல் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் திட்டத் தேர்வு நடத்தப்படுகிறது. தேர்வு பெறுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். தலைமையாசிரியரைக் கேட்டு விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

அந்தப் பையனைப் போன்று கடைசி வரிசையில் கைதட்டும் பிள்ளை எவரேனும் இருந்தால், வருகிற திருவிழாவுக்கு முன் எம்மிடம் வந்து சொல்லுங்கள். இறைவன் நம் பிள்ளைகளை நிறைவாக ஆசீர்வதிப்பாராக.