அழைப்பின் வரலாறு: அமெரிக்க லத்தீனோ சமூகத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டோரும் அவர்தம் துணைவரும்

முன்னுரை

2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஏறத்தாழ 6.2 கோடிப் பேர். எனினும் புற்றுநோயிலிருந்து மீண்டோரின் மனநலத்தையும் குடும்ப வாழ்வையும் ஆராய்ந்த உளசமூக ஆய்வுகளில் அவர்கள் நெடுங்காலம் அரிதாகவே இடம்பெற்றனர். ஆய்வில் அவர்களுக்கு நாட்டமில்லை என்று காரணம் கூறப்பட்டது. குறை அழைக்கப்பட்டோரிடம் இல்லை, அழைத்த முறையில்தான் இருந்தது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

ஐயத்தின் வேர்

1956இல் புவேர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியெத்ராஸில் ஏழைப் பெண்களிடம் கருத்தடை மாத்திரை சோதிக்கப்பட்டது. தாங்கள் உட்கொள்வது சோதனை மருந்து என்பது அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் மகப்பேற்றுக்கு வந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலருக்கு அறிந்து தந்த ஒப்புதல் இன்றியே கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் பத்துப் பேர் தொடுத்த வழக்கு 1978இல் தோற்றது. இத்தகைய அனுபவமுள்ள சமூகம் ஒப்புதல் படிவத்தைக் கண்டு தயங்கியதில் நியாயம் இருந்தது.

சட்டமும் அதன் எல்லையும்

1977இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஜிம்மி ஹாலண்ட் தொடங்கிய உளமருத்துவப் பிரிவு, புற்றுநோயாளரின் மனநலத்தை ஆராயும் உளப்புற்றுநோயியல் துறைக்கு வழிகோலியது. 1993இல் இயற்றப்பட்ட சட்டம், அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் (NIH) நிதி பெறும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஆங்கிலம் அறிந்தோரை மட்டும் ஏற்கும் ஆய்வுகள் தொடர்ந்ததால், ஸ்பானிஷ் மட்டுமே பேசுவோர் வாசலிலேயே நின்றனர். 2006இல் டேவிட் வெண்ட்லர் குழுவினர் 70,000க்கும் மேற்பட்டோர் அழைக்கப்பட்ட 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். ஒப்புதல் தருவதில் இனங்களுக்கிடையே வேறுபாடு மிகச் சிறிது என்று கண்டனர். விருப்பமின்மை என்ற பழைய விளக்கம் இதனால் வலுவிழந்தது.

இருவரைச் சேர்த்தல்

துணைவரையும் சேர்க்கும் ஆய்வில் இருவரும் ஒப்ப வேண்டும். ஒருவர் மறுத்தால் இணையே விடுபடும். ஷிப்ட் வேலைக்குப் போகும் கணவர் பகல்நேரச் சந்திப்புக்கு வர இயலாது. துணைவர் என்றால் கணவரே எனக் கொண்டால், கணவரை இழந்தவருக்கும், கணவர் வேறு நாட்டில் இருப்பவருக்கும் இடமே கிடைக்காது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் டெர்ரி பேட்ஜர் குழுவினர் இந்த இடர்களைக் களைந்தனர். மார்பகப் புற்றுநோய் கண்ட லத்தீனோ பெண்ணே தன் துணையைத் தேர்ந்தெடுத்தார். கணவர் மட்டுமன்றித் தாய், சகோதரி, மகள், தோழி எவரும் துணையாகலாம். ஆலோசனை தொலைபேசியிலேயே வழங்கப்பட்டதால் பயணச் செலவும் விடுப்பும் தேவைப்படவில்லை. 2013இல் வெளியான முடிவுகள் இருதரப்பினரின் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டதைக் காட்டின.

வடக்குக் கலிபோர்னியாவில் அன்னா நாப்பொலெஸ் குழுவினர் சமூக அமைப்புகளுடன் கூடி 'நுவெவோ அமனெசெர்' திட்டத்தை உருவாக்கினர். நோயிலிருந்து மீண்ட லத்தீனோ பெண்களே பயிற்சி பெற்று, நோய் கண்ட பிற பெண்களுக்கு மன அழுத்தத்தைக் கையாள ஸ்பானிஷ் மொழியில் கற்பித்தனர். 151 பெண்கள் பங்கேற்ற இதன் முடிவுகள் 2015இல் வெளியாயின.

முடிவுரை

அழைப்பவரின் மொழி, அவர்மீதான நம்பிக்கை, துணைவர் என ஏற்கப்படுவோரின் வரையறை ஆகிய மூன்றும் மாறியபோது சேர்க்கை கைகூடியது. ஆகவே ஸ்பானிஷ் அறிந்த பணியாளருக்கும் சமூக அமைப்புகளுக்கும் தரும் ஊதியம் ஆய்வு நிதியின் அடிப்படைச் செலவாக வேண்டும். மறுத்தோரின் எண்ணிக்கையோடு, அழைக்கப்படாதோரின் எண்ணிக்கையையும் ஒவ்வோர் ஆய்வும் வெளியிட வேண்டும்.