இனமும் மரபணுவும்

ஈப்போவை அடுத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த குனோங் ராபாட் போன்ற ஊர்களில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் லயங்களை விட்டு நகர்ப்புறம் நாடிய குடும்பங்கள் பேராக்கில் பல. இத்தகைய ஊரில் சீனர் ஒருவருக்கும் தமிழர் ஒருவருக்கும் முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்டால், ஒரே மருந்து இருவருக்கும் பயன்படுமா? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகம் சற்றுச் சுற்றுவழியே சென்றது.

2003ஆம் ஆண்டில் அமெரிக்கா கெபிட்டினிப் என்னும் மாத்திரைக்கு இசைவளித்தது. உயிரணுவைப் பெருகுமாறு தூண்டும் ஈ.ஜி.எப்.ஆர். என்ற புரதத்தை அடக்குவதே அதன் பணி. சிலரிடம் கட்டி வியக்கத்தக்க வகையில் சுருங்கிற்று. பலரிடம் அசையவே இல்லை. 2004இல் பாஸ்டன் நகர ஆய்வாளர் காரணங் கண்டனர். நன்கு சுருங்கிய கட்டிகளில் அப்புரதத்திற்குரிய மரபணு பிறழ்ந்திருந்தது.

இதற்கிடையே, பல நாடுகளில் 1,692 நோயாளிகளைக் கொண்டு ஐசெல் என்னும் சோதனை நடந்தது. மருந்துண்டோரின் ஆயுள், வெற்று மாத்திரை உண்டோரின் ஆயுளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நீளவில்லை. எனினும் புகைபிடித்தறியாதோரும் ஆசிய வம்சாவளியினரும் பயன் பெற்றனர். அந்த 'ஆசியர்' என்னும் பிரிவில் இந்திய வம்சாவளியினர் சேர்க்கப்படவில்லை! தமிழ் மாணவர் ஊன்றி நோக்கத்தக்க செய்தி இது. ஒரு கணக்கில் இடம்பெறாதவர், அதன் முடிவிலும் இடம்பெறார்.

பின்னர் மலேசியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் ஐபாஸ் சோதனை நடந்தது. புகைபிடிக்காத, அல்லது முன்னாளில் சிறிதே புகைத்துக் கைவிட்ட 1,217 பேர் இதிற் பங்குகொண்டனர். ஒரு சாராருக்கு மாத்திரை. மறுசாராருக்கு வழக்கமான இரசாயன மருந்து. 2009இல் முடிவுகள் வெளியாயின. மரபணு பிறழ்ந்தோரிடம் நோய் மேலும் முற்றாது நின்ற காலம் மாத்திரையால் 9.5 மாதம், இரசாயன மருந்தால் 6.3 மாதம். பிறழ்வு இல்லாதோரிடமோ மாத்திரையால் 1.5 மாதமே, இரசாயன மருந்தால் 5.5 மாதம். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேற்றுமை மறைந்தே போயிருக்கும்.

மரபணு நிலை அறியப்பட்ட 437 பேரில் பிறழ்வுடையோர் 261 பேர். இனமும் பழக்கமும் பார்த்துத் தேர்ந்தெடுத்த கூட்டத்திலேயே பத்தில் நால்வருக்குப் பிறழ்வு இல்லை. இந்தியரிடையே இப்பிறழ்வு கிழக்காசியரைவிடக் குறைவு, ஆயினும் இல்லாமலில்லை. ஆகவே, அண்டை வீட்டார் இருவருள் மாத்திரை எவருக்கு என்பதை அவர்தம் பெயரோ நிறமோ சொல்லாது. கட்டியிலிருந்து எடுத்த சிறு திசுத் துணுக்கே சொல்லும்.