புழுங்கலரிசி சொன்ன கணக்கு



புள்ளிவிவரம் என்றாலே நம்மில் பலருக்குப் பயம். "அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு வாத்தியாரே?" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அதன் ஆணிவேர் இரண்டே கேள்விகள்தாம்: எத்தனை பேரில் எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டு நம் கோலாலம்பூரிலேயே ஒரு கொடிய நோயின் காரணத்தை நெருங்கிய வரலாறு உண்டு.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் மலாயாவை ஆட்டிவைத்த நோய் பெரிபெரி. கால் வீங்கும், மரத்துப் போகும், இதயம் தளர்ந்து உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் ஏராளமாக மாண்டனர். தமிழர்களையோ அது அவ்வளவாகத் தீண்டவில்லை. "சீனர் உண்பது தீட்டிய வெள்ளரிசி, தமிழர் உண்பது புழுங்கலரிசி. அரிசிதான் காரணம்" என்றார் டாக்டர் பிரேடன். மற்ற மருத்துவர்கள் விடவில்லை. "இனம் வேறு, வேலை வேறு, குடியிருப்பு வேறு, அரிசி மட்டுமா வேறு?" என்று மடக்கினர். மாணவர்களே, இது நியாயமான கேள்வி அல்லவா?

விடை காண முன்வந்தவர் டாக்டர் வில்லியம் பிளெச்சர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-ஆம் ஆண்டு 219 நோயாளிகளில் 94 பேருக்குப் பெரிபெரி கண்டு, 27 பேர் இறந்திருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், காலைப் பெரட்டில் ஆள் எண்ணுவதுபோல, நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் ஒரு கட்டடம். இரட்டைப்படை எண் எதிர்க் கட்டடம். கறியும் மற்றதும் ஒன்றே. ஒரு பக்கம் சியாம் வெள்ளரிசி, மறுபக்கம் புழுங்கலரிசி. அதுமட்டும்தான் வித்தியாசம்.

1906 முடிவில் கணக்குப் பார்த்தார்கள். வெள்ளரிசி உண்ட 120 பேரில் 30-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய். அவர்களும் அதை உடன் கொண்டு வந்தவர்கள். மரணம் ஒன்றுகூட இல்லை. கட்டடத்தில் கோளாறோ என்ற ஐயம் எழாதிருக்க, நடுவில் இரு சாராரையும் இடம் மாற்றியும் வைத்தார். நோய் அரிசியைத்தான் தொடர்ந்தது.

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதுவே வைட்டமின் பி1 எனப் பின்னாளில் அறியப்பட்டது. நம் பாட்டிமார் நெல் அவித்ததன் மகிமை இது! ஆனால், நோயாளியின் சம்மதமின்றி இன்று இத்தகைய சோதனை நடத்த முடியாது. மாண்ட அந்த 18 பேரையும் நாம் மறக்கலாகாது.

கிள்ளானிலும் இதே பாடம்தான். 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழிக்க முனைந்தார். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அவ்வாண்டு 368 ஆக இருந்த காய்ச்சல் மரணம் மறு ஆண்டு 59 ஆயிற்று. மழை குறைந்ததாலோ என்று கேட்கலாம். நீர் வடிக்காத சுற்றுப்புறத்தில் 266 என்பது 227-ஆகத்தான் குறைந்தது. ஒப்பிட்டதால் உண்மை விளங்கிற்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். "அந்தப் பெரிய பள்ளியில் தேர்ச்சி விழுக்காடு அதிகம், தோட்டப் பள்ளி மோசம்" என்று பேசுகிறோம். 10 பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே 10 விழுக்காடு குறைந்துவிடும். 200 பேர் எழுதும் பள்ளியில் அது அரை விழுக்காடுதான். ஓர் ஆண்டு எண்ணை மட்டும் வைத்துப் பிள்ளையை இடம் மாற்றலாமா? "எத்தனை பேருங்க எழுதினாங்க? போன வருசம் எப்படி?" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நாலு பேர் முன் கேட்பதில் வெட்கமே வேண்டாம். படித்த மருத்துவர்களே ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுத்தான் தெளிந்தார்கள்.

எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். கேள்வி கேட்காமல் நம்பவும் வேண்டாம்.